மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரிய மீன் காட்சியகம் எதற்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 9

மூன்று வயதுக் குழந்தையைப் பெரிய மீன் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மகன் சுறாத் தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி தரையில் ஆடிய ஒளிக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பின் சாய்தளத்தில் ஏறி இறங்கினான். அவ்வளவுதான். ஆறு வயது வரை காத்திருப்பது நல்லதல்லவா?

ஜனவரி 9, இரவு

வீண் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. தரையில் ஆடிய ஒளிக்கோடுகளைப் பார்த்தான் என்றால் அவன் பார்த்தது தண்ணீரைத்தான். தொட்டியின் மேற்பரப்பில் எழும் சிற்றலைகள் விளக்கொளியைக் குவித்தும் விரித்தும் கீழே அனுப்புவதால் உண்டாகும் பின்னல் அது. பெரியவர்கள் அதை மிதித்துக்கொண்டு சுறாவை நோக்கி விரைகிறோம்.

அண்மையில் மூன்று வயது மகள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன், மாமியார், கணவர், நான் என எல்லோருமாகச் சென்றிருந்தோம். நுழைவாயிலில் கொடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கூடத்தில் எவ்வளவு நேரம் என்று என் கணவர் கணக்கிட்டு வைத்திருந்தார். மகள் அந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே கலைத்துவிட்டாள். மணலில் பாதி உடலைப் புதைத்துக்கொண்டு, நீரோட்டம் வரும் திசையை நோக்கித் தலையை நீட்டி, மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும் தோட்ட விலாங்குகள் அங்கே ஒரு சிறிய தொட்டியில் இருந்தன. அவள் ஓடி வந்ததும் எல்லாம் மணலுக்குள் மறைந்தன. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அசையாமல் நின்றாள். சிறிது நேரத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது, அதன்பின் இன்னொன்று. கையை ஆட்டினால் மறையும், அசையாமல் நின்றால் வெளிவரும் என்பதை யாரும் சொல்லாமல் அவளே கண்டுபிடித்தாள். அந்த விலாங்குகளோடு அவள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், எங்களைத் தாண்டிப் போன கூட்டம் சுறாவைப் பார்த்துவிட்டு வெளியேறும் வாயிலை எட்டியிருக்கும்.

ஆகவே, குழந்தை எதையும் பார்க்கவில்லை என்று சொல்லும் முன், நாம் எதைக் காட்ட நினைத்தோம் என்பதையும் அது எதைப் பார்த்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஜனவரி 10

விலாங்குகளைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். டோக்கியோவின் சுமிதா காட்சியகம் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டிருந்தபோது, அங்கிருந்த 300 அளவிலான தோட்ட விலாங்குகள் மனிதர்களைப் பார்க்கும் பழக்கத்தை இழந்து, பணியாளர்கள் நடந்து போனாலே மணலுக்குள் ஒளியத் தொடங்கின. அவற்றின் உடல்நலத்தைக் கவனிப்பதே கடினமாகிவிட்டதால், அவ்வாண்டு மே மாதத்தில் தொட்டியருகே கைபேசிகளையும் பலகைக் கணினிகளையும் நிறுத்தி, வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் விலாங்குகளுக்கு முகம் காட்டும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மீன் நம்மைப் பார்ப்பதில்லை, நாம்தான் மீனைப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்த நண்பருக்கு இதைப் பதிலாக வைக்கிறேன்.

ஜனவரி 10, மாலை

தள்ளுவண்டி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டும். ஆனால் குழந்தையை உட்கார வைப்பதற்காக இல்லை; பைகளை வைப்பதற்காக.

ஜனவரி 12

உயரத்தைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. பல தொட்டிகளின் பார்வைப் பலகம் பெரியவர்களின் இடுப்பளவில் தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த இடத்திலிருந்து தெரிவது தொட்டியின் அடிச்சுவரும் மற்றவர்களின் கால்களும் மட்டுமே. தூக்கிக் காட்டலாம், ஆனால் தூக்கியவுடன் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்ற முடிவு நம் கைக்கு வந்துவிடுகிறது. அதோடு கையும் வலிக்கிறது. ஆகவே தரையிலிருந்தே தொடங்கும் பலகங்களையும், முன்னால் ஏறி நிற்கப் படி வைத்திருக்கும் தொட்டிகளையும், உள்ளே தவழ்ந்து போய்த் தலையை நீட்டிப் பார்க்கும்படி அமைத்த அரைக்கோளக் குமிழ்களையும் முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் குமிழ்களில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டையான பலகத்தின் வழியாகப் பார்க்கும்போது, ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வருகையில் வளைவதால், மீன் உண்மையில் இருக்கும் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோலத் தோன்றும். அதனால் பெரிதாகவும் தெரியும். வளைந்த குமிழுக்குள்ளோ, தொட்டிக்கு அடியில் நடந்து போகும்படி அமைத்த நீர்ச்சுரங்கத்துக்குள்ளோ நின்று பார்த்தால் அதே மீன் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். என் மகன் ஒரே சுறாவை இரண்டு இடங்களிலும் பார்த்துவிட்டு, அவை இரண்டு சுறாக்கள் என்று உறுதியாக வாதிட்டான்.

ஜனவரி 13

நீர்ச்சுரங்கத்தில் தன் குழந்தை அலறியதாகவும், சுறாவைக் கண்டு பயந்ததாகவும் எழுதியவருக்கு: சுறாவைவிட இருட்டுதான் காரணமாக இருக்கலாம். வெளியே வெயிலில் நின்றுவிட்டு நேராக உள்ளே நுழைகிறோம். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். பெரியவர்கள் அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்வோம். குழந்தைக்கோ திடீரென அம்மாவின் முகம் தெரியாமல் போகிறது. சுரங்கத்தைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், அரையிருட்டான கூடங்களில் சிறிது நேரம் சுற்றிவிட்டுப் போனால் அச்சம் குறைகிறது.

எங்கள் மகளும் தயங்கினாள். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து என் மகன், "இது உடையவே உடையாது" என்றான். அதுவரை அது உடையக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. அதன்பின் அவள் பாட்டியின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டுதான் சுரங்கத்தைக் கடந்தாள்.

ஜனவரி 13, இரவு

உடையுமா என்று உண்மையாகவே கேட்கும் பெரியவர்களும் இங்கே இருப்பதால் எழுதுகிறேன். பெரிய தொட்டிகளின் பலகம் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக். கனமான கண்ணாடியில் இரும்புச் சேர்மத்தால் பச்சைச் சாயல் ஏறிவிடும். அக்ரிலிக் பலகங்களையோ அடுக்கடுக்காக ஒட்டித் தடிப்பாக்கினாலும் தெளிவு குறைவதில்லை. ஜப்பானின் ஒகினாவாவில் 2002இல் திறக்கப்பட்ட சுராவுமி காட்சியகத்தின் பெருந்தொட்டிப் பலகம் 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் தடிப்பும் கொண்டது. அதன் பின்னால் 7,500 கன மீட்டர் நீரில் திமிங்கலச் சுறாக்கள் நீந்துகின்றன.

இந்த விவரங்களைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம் என்பதற்கு மேலே உள்ள குறிப்பே சான்று.

ஜனவரி 15

பலகத்தைத் தட்டுவது பற்றி நடந்த வாதத்தைப் படித்தேன். "ஒரு தட்டில் என்ன ஆகிவிடும்" என்றவர், ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரும் நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டரும் செல்கிறது என்பதையும், மீனின் உடல் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் சிறு அசைவையும் அறியும் என்பதையும் கருத்தில் கொள்ளலாம். நமக்கு மெல்லிய தட்டல். உள்ளே இருப்பதற்கு அது எங்கிருந்தோ வந்த அதிர்வு. அது நாள் முழுவதும், வரும் ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் வருகிறது.

மூன்று வயதுக் குழந்தையிடம் "தட்டாதே" என்றால் இன்னும் வலுவாகத் தட்டும். நாங்கள் "உள்ளங்கையை ஒட்டிவைத்துக் காட்டு" என்று சொன்னோம். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் தட்டல் நின்றது. பலகத்தில் படியும் கைரேகைகளைத் துடைப்பவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 16

"அது தூங்குகிறதா, செத்துவிட்டதா?" என்பது அன்று மகள் அதிகம் கேட்ட கேள்வி. தரையில் அசையாமல் கிடந்த செவிலிச் சுறாவைப் பார்த்து முதலில் கேட்டாள். சுறா நீந்துவதை நிறுத்தினால் இறந்துவிடும் என்று அருகில் நின்ற ஒருவர் தன் குழந்தைக்கு விளக்கிக்கொண்டிருந்ததால் குழப்பம் இரட்டிப்பானது. அந்தக் கூற்று எல்லாச் சுறாவுக்கும் பொருந்தாது. வெள்ளைச் சுறா போன்றவை முன்னே நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களுக்குப் போதிய நீர் கிடைக்கும். செவிலிச் சுறா வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியே தள்ளிக்கொண்டு தரையிலேயே கிடக்கும். வாயும் செவுளும் அசைவதைக் காட்டியதும் அவள் சமாதானமடைந்தாள். அதன்பின் ஒவ்வொரு தொட்டியிலும் வாய் அசைகிறதா என்று சரிபார்த்துக்கொண்டே வந்தாள். இமையில்லாத மீன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பதை மட்டும் அவள் கடைசிவரை நம்பவில்லை.

வெள்ளைச் சுறாவை ஏன் எந்தக் காட்சியகத்திலும் காண முடிவதில்லை என்று ஒருவர் கேட்டதற்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் காட்சியகம் 2004இல் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை 198 நாட்கள் வைத்திருந்துவிட்டுக் கடலில் விட்டது. அதற்கு முன் மற்ற இடங்களில் கொண்டுவரப்பட்டவை 16 நாட்களுக்கு மேல் தாங்கியதில்லை. இரை எடுக்க மறுப்பதும், சுவர்களில் மோதிக்கொள்வதும் மீதி விடை.

ஜனவரி 18

தொட்டுப் பார்க்கும் குளம். இதில் என் கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

நல்லது என்பதற்குக் காரணம் வெளிப்படை. பலகத்தின் பின்னால் இருக்கும் உயிர் குழந்தைக்கு ஒரு படம்; குளத்தில் இருப்பது உயிர். நட்சத்திர மீனின் மேற்புறம் கரகரப்பாக இருக்கும், அடியில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் மெல்ல அசையும். மூளையும் இரத்தமும் இல்லாத அந்த உயிர், உடலுக்குள் கடல்நீரை ஓடவிட்டே கால்களை நகர்த்துகிறது. மகன் இதைக் கேட்டு வாயைப் பிளந்தான்.

தயக்கத்துக்குக் காரணம், அதே நட்சத்திர மீனை அன்று எத்தனை கைகள் தொட்டிருக்கும் என்ற எண்ணம். நாங்கள் போன நேரத்தில் ஒரு பணியாளர் நின்று, நனைத்த இரண்டு விரல்களால் மெதுவாக, நீருக்குள்ளேயே, தூக்காமல் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் நிற்காத குளத்தில் என் பிள்ளைகளைத் தொடவிட மாட்டேன். திருக்கைகள் உள்ள குளமாக இருந்தால் அவற்றின் வால் முள்ளை வெட்டிவிட்டிருப்பார்கள்; அது மீண்டும் வளரும் என்பதால் அவ்வப்போது வெட்டுகிறார்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுவது இதைவிட முக்கியம் என்பதை ஈரச்சட்டையோடு சிணுங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அறிவார்கள்.

மகள் தொட மறுத்துவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. மாமியார் தொட்டார், மீண்டும் ஒருமுறை தொட்டார், வரிசையில் இன்னொரு முறை நிற்கலாமா என்று கேட்டார்.

ஜனவரி 18, இரவு

மாமியாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் மகிழ்ந்திருப்பதால் இதையும் சேர்க்கிறேன். கடற்குதிரைகளில் ஆண்தான் முட்டைகளை வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சுகளை வெளியேற்றுகிறது என்று தொட்டியருகே எழுதியிருந்ததை, அவர் தம் மகனை அழைத்து உரக்கப் படித்துக் காட்டினார்.

ஜனவரி 21

ஜெல்லி மீன் கூடம் சின்னக் குழந்தைகளுக்கு மிகச் சிறந்தது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். இருட்டில் ஒளிரும் உருவங்களைக் கண்டு மகள் மெய்ம்மறந்து நின்றாள். மகனோ அவை ஒரே நிமிடத்தில் ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறியதைக் கண்டு, மேலே அண்ணாந்து பார்த்து, வண்ண விளக்குகளைக் கண்டுபிடித்து, ஏமாற்றப்பட்டவனாக நின்றான். உண்மையில் நிலவு ஜெல்லி ஏறக்குறைய நிறமற்றது. உடலில் 95 விழுக்காடு நீர்தான். மூளையும் இதயமும் கிடையாது. நடுவில் தெரியும் குதிரை லாட வடிவ வளையங்கள் நான்கும் அதன் இனப்பெருக்க உறுப்புகள். வெறும் வெள்ளை ஒளியில் காட்டினாலே போதும், அதுவே போதிய அதிசயம் என்பது என் எண்ணம்.

அவனுக்கு ஆறுதலாக இருந்தது தொட்டியின் வடிவம். மூலைகளே இல்லாமல் வட்டமாக அமைத்து, நீரை மெதுவாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். மூலை இருந்தால் ஜெல்லிகள் அங்கே ஒதுங்கிச் சிதைந்துபோகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜெல்லிகளை விட்டுவிட்டு, நீர் எங்கிருந்து நுழைகிறது என்று தேடத் தொடங்கினான்.

ஜனவரி 22

சிறியதைத்தான் குழந்தை பார்க்கிறது என்றால் வீட்டிலேயே ஒரு தொட்டி வைத்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. வைக்கலாம். ஆனால் அது பொம்மை இல்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மீனை நிரப்புகிறவர்கள்தான் "எங்கள் வீட்டில் மீன் நிலைப்பதில்லை" என்கிறார்கள்.

9ஆம் தேதி எழுதியதை இங்கே சற்றுத் திருப்பிப் பார்க்கிறேன். சிறிய தொட்டிகளே போதும் என்ற பொருளில் அதைப் படித்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. திரும்பும் வழியில் பெருந்தொட்டியைக் கடந்தபோது, மேலிருந்து ஒரு திருக்கை மகளின் தலைக்கு மேலே வெண்ணிற வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, பின்னோக்கி நடந்து நடந்து சுவரில் முட்டிக்கொண்டாள். அந்த அளவு வீட்டில் கிடைக்காது. விலாங்குகளோடு நின்றுவிட்டு வந்ததால் அதற்கு அவள் ஆயத்தமாக இருந்தாளா, நேராக அங்கே போயிருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பாளா என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஜனவரி 25

அடைத்து வைத்த உயிர்களைக் குழந்தைக்குக் காட்டி மகிழ்வது சரியா என்று கேட்டவருக்கு நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எனக்கும் அந்தக் கேள்வி இருந்ததுதான்.

எல்லா உயிருக்கும் ஒரே பதில் இல்லை. நன்னீர் வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை; கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. மணலைவிட்டு அகலாத தோட்ட விலாங்குக்கு ஒரு தொட்டி எவ்வளவு சிறியது, நாளெல்லாம் தொலைதூரம் நீந்தும் டால்பினுக்கு அதே தொட்டி எவ்வளவு சிறியது என்பது ஒன்றாகாது. இந்தியா 2013இல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்ததும், கனடா 2019இல் திமிங்கலங்களையும் டால்பின்களையும் புதிதாக அடைத்து வைப்பதைச் சட்டத்தால் தடுத்ததும் இந்த வேறுபாட்டை ஒட்டித்தான். டால்பின் வித்தை காட்டும் இடங்களுக்கு நாங்கள் செல்வதில்லை.

ஆனால் நாங்கள் சென்ற மீன் காட்சியகத்திலும் ஒரு பெரிய மீன் ஒரே வட்டத்தில் ஒரே உயரத்தில் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. "அதற்குச் சலிப்பாக இருக்குமா?" என்று மகன் கேட்டான். நான் பணியாளரைக் கேட்கச் சொன்னேன். அவர் மழுப்பவில்லை, அப்படிச் சுற்றுவது சில மீன்களின் இயல்பு, சிலவற்றில் அது தொட்டி போதாததன் அறிகுறி, தாங்களும் இதைக் கவனித்து வருகிறோம் என்றார். மகன் வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றிக் கேட்டான்.

ஜனவரி 27

சுருக்கமாகச் சில விடைகள். இரையூட்டும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு போக வேண்டுமா? பெரிய குழந்தை என்றால் ஆம். மூன்று வயது என்றால் அந்த நேரத்தில் எல்லோரும் அங்கே கூடுவதால், மற்ற கூடங்கள் காலியாக இருக்கும், அவற்றுக்குப் போங்கள். ஒளிப்படம்? மின்னொளி (ஃபிளாஷ்) இல்லாமல் எடுங்கள். மின்னொளி மீனைத் திடுக்கிடச் செய்யலாம், பலகத்தில் பட்டு உங்கள் முகத்தையே படமாக்கும். வெளியேறும் வழி பொம்மைக் கடைக்குள்ளேதான் போகும்; அதைக் கண்டு கோபப்படுவதில் பயனில்லை, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஜனவரி 30

ஆக்டோபஸ் தொட்டி எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது, ஏமாற்று வேலை என்று எழுதியவருக்கு. அது அங்கேதான் இருக்கும். பாறையின் நிறத்தையும் சொரசொரப்பையும் தோலில் கொண்டுவந்துவிடும். போதாததற்கு, உடலில் கடினமாக இருப்பது அலகு மட்டும் என்பதால், அலகு நுழையும் இடுக்கில் உடல் முழுவதும் நுழைந்துவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் தொட்டியின் மேல் இடைவெளி வழியாக இறங்கி, தரையைக் கடந்து, வடிகால் குழாய் வழியே கடலுக்குப் போய்விட்ட செய்தி 2016இல் உலகெங்கும் பேசப்பட்டது. உங்கள் தொட்டியில் இருந்ததும் போய்விட்டதா என்பதைக் காட்சியகத்தாரைத்தான் கேட்க வேண்டும்.

எங்களில் நால்வர் அந்தத் தொட்டியில் எதையும் காணவில்லை. மகள் மட்டும் பார்த்ததாகச் சொல்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது வேறு மூலையில் இருக்கிறது.

பிப்ரவரி 2

இந்தக் கேள்வி-பதில் இழை எங்கெங்கோ போய்விட்டது என்று நினைவூட்டியதற்கு நன்றி. இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஜப்பானின் தோபா காட்சியகத்தில் இருந்த ராட்சத ஐசோபாட் என்னும் ஆழ்கடல் உயிர் 2009 ஜனவரியில் ஒரு முறை நன்றாக இரையெடுத்தது. அதன்பின் 2014 பிப்ரவரியில் இறக்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல், எதையும் உண்ணவில்லை. இதை மகனிடம் சொல்லிவிட்டேன். நேற்றிரவு தட்டில் பாதியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தான் ஓர் ஐசோபாட் என்று அறிவித்தான். அருகில் இருந்த தங்கையும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, தானும் விலாங்கு என்றாள். விலாங்கு தினமும் சாப்பிடும் என்று அவளிடம் வாதிட்டு வென்றது என் மாமியார்.